படுக்கையருகு மீயொலிப் பயிற்சி: மருத்துவக் கல்வியில் ஒரு திறன் பரவிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மீயொலிப் படமெடுப்பு 1950களில் மகப்பேற்று மருத்துவத்திலும் பின்னர்க் கதிரியல் துறையிலும் வேரூன்றிய நுட்பமாகும். 1990களுக்குப் பின் அது அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் பயிற்சி மருத்துவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. கருவி சிறுத்ததே இம்மாற்றத்திற்குக் காரணம் எனக் கூறுவது வழக்கம். கருவியிடம் கேட்கப்பட்ட வினா சுருங்கியதும், அதனைக் கையாளும் உரிமை பற்றிய பூசல் ஒரு முடிவுக்கு வந்ததும், கற்பிக்கும் முறை மாறியதும் அதற்கு இணையான காரணங்கள் என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. இந்தியாவில் அவ்வுரிமை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிணைந்திருப்பதால், இங்குப் பயிற்சி தனி வழியில் சென்றதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மீயொலி, படுக்கையருகு ஆய்வு, மருத்துவக் கல்வி, அவசர மருத்துவம், பாலினத் தேர்வுத் தடைச் சட்டம்.

முன்னுரை

நோயாளியின் உடலைக் கையால் தொட்டும் தட்டியும், காதால் கேட்டும் நோயறிவது மருத்துவரின் தொன்மையான திறன். 1761இல் ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புரூக்கர் மார்பைத் தட்டி நோயறியும் முறையை நூலாக வெளியிட்டார். 1816இல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் லயென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். இவ்விரண்டும் உரிய பயிற்சிமுறை உருவான பின்னரே எல்லா மருத்துவர்க்கும் உரிய திறன்களாயின. கருவி ஒன்று தோன்றுவதற்கும், அது கல்வியின் பகுதியாவதற்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. மீயொலியின் வரலாற்றில் அவ்விடைவெளி ஏறத்தாழ 40 ஆண்டுகளாக நீண்டது. அது எவ்வாறு கடக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

தோற்றமும் துறைசார் எல்லையும்

1880இல் கியூரி உடன்பிறப்புகள், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதைக் கண்டறிந்தனர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் லாஞ்செவின் அப்பண்பைக் கொண்டு நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்றார். மருத்துவ நோயறிதலுக்கு இவ்வலைகளைப் பயன்படுத்தும் முயற்சியை 1942இல் வெளியிட்டவர் ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக். எனினும், நுட்பத்தை உறுதியாக நிலைநிறுத்தியது கிளாஸ்கோ நகரின் பணியேயாகும். அங்கு மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்டு, உலோகத்தில் வெடிப்புகளைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு, அறுவை மூலம் அகற்றிய கட்டிகளை ஆராய்ந்தார். ஜான் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது.

தொடக்கக் காலக் கருவிகள் பெரியவை. படம் மெல்ல உருவாகும். அதனைப் படிக்கத் தனித்தேர்ச்சி வேண்டும். ஆகவே பல நாடுகளில் நோயாளி கருவியிருக்கும் அறைக்குச் சென்றார். படம் கதிரியல் வல்லுநரிடம் சென்றது. அறிக்கை மட்டும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை அடைந்தது. இவ்வேலைப் பகிர்வு அன்றைய நுட்பத்திற்குப் பொருத்தமானதே. உடலசைவை அவ்வப்போதே காட்டும் கருவிகள் 1960களின் பிற்பகுதியில் வந்த பின்னரும் அது பல இடங்களில் நீடித்தது என்பதே கவனிக்கத்தக்கது.

வினா சுருங்கிய திருப்பம்

விபத்தில் அடிபட்டு வருபவரின் வயிற்றுக்குள் குருதி கசிகிறதா என்பதை அறிய, 1965 முதல் வயிற்றறையில் குழாய் செலுத்தி நீர்மம் விட்டுக் கழுவிப் பார்க்கும் முறை வழக்கில் இருந்தது. இது உடலைத் துளைக்கும் முறை. 1970களில் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள், குறிப்பாக ஜெர்மானியர், இதே வினாவுக்கு மீயொலியால் விடை காண முயன்றனர். குருதி, உறுப்புகளுக்கு இடையே தேங்கும்போது திரையில் கருமையான பட்டையாகத் தெரியும். ஈரலுக்கும் வலச் சிறுநீரகத்திற்கும் இடைப்பட்ட பகுதி, மண்ணீரலைச் சூழ்ந்த பகுதி, இடுப்பெலும்புக் குழி, இதய உறை ஆகிய நான்கு இடங்களைப் பார்த்தாலே போதும். ஜெர்மனியில் 1988 முதல் அறுவை மருத்துவத் தகுதிக்கு மீயொலித் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1990களில் கிரேஸ் ரோசிக்கி முதலிய அறுவை மருத்துவர்களின் ஆய்வுகளால் இம்முறை ‘ஃபாஸ்ட்’ என்னும் சுருக்கப் பெயரோடு பரவியது.

இதன் முதன்மை விளைவு கல்வி சார்ந்தது. கதிரியல் வல்லுநர் வயிற்றுறுப்புகள் அனைத்தையும் ஆராய்ந்து விரிவான அறிக்கை தருவார். ஃபாஸ்ட் ஆய்வோ ‘நீர்மம் உண்டா, இல்லையா?’ என்று மட்டுமே கேட்கிறது. விடையும் அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்வதா வேண்டாவா என்னும் உடனடி முடிவோடு பிணைந்தது. முழுத் துறையறிவைக் கற்பிக்கப் பல ஆண்டுகள் தேவை. வரையறுத்த ஒரு வினாவுக்கு விடை காணும் திறனைப் பயிற்சிக் காலத்திற்குள் கற்பிக்க இயலும். படுக்கையருகு மீயொலிக் கல்வியின் அடித்தளம் இவ்வேறுபாட்டிலேயே அமைந்துள்ளது.

உரிமைப் பூசலும் பாடத்திட்டமும்

கருவியைக் கையாளும் உரிமை எளிதில் கிட்டவில்லை. அரைகுறைப் பயிற்சியுடையோர் தவறாகப் படித்தால் நோயாளிக்குத் தீங்கு நேரும் என்னும் எதிர்வாதம் பொருளற்றதன்று. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி, தம் துறையினர் மீயொலியைப் பயன்படுத்துவதை ஆதரித்து 1990இல் நிலைப்பாட்டை வெளியிட்டது. 1994இல் மேட்டீரும் பிறரும் அவசர மருத்துவப் பயிற்சியாளர்க்கான மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டனர். 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், உரிய பயிற்சி பெற்ற மருத்துவர் எவரும் தம் துறைக்குள் மீயொலியைப் பயன்படுத்தலாம் என்றும், அப்பயிற்சியின் அளவை அந்தந்தத் துறையே வகுக்கலாம் என்றும் கொள்கை வகுத்தது. உரிமையைப் பயிற்சியோடு பிணைத்த இம்முடிவு, பாடத்திட்டத்திற்குப் புதிய எடையை அளித்தது.

2001இல் மேற்சொன்ன கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அவ்வகையில் முதன்மையானவை. விபத்துக் காயம், தொடக்கக் கருவளர்ச்சி, வயிற்றுப் பெருந்தமனி, இதயம், பித்தப்பை, சிறுநீரகம் ஆகியவற்றோடு ஊசி செலுத்தும் செயல்முறைகளுக்கு வழிகாட்டுவதையும் அவை முதன்மைப் பயன்பாடுகளாக வகுத்தன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 ஆய்வுகள், மொத்தத்தில் 150 அளவில் என்னும் எண்ணிக்கையைத் தேர்ச்சிக்கு அடையாளமாகக் கொண்டன. அதே ஆண்டில் அமெரிக்க அரசுசார் நோயாளிப் பாதுகாப்பு அறிக்கை ஒன்றும், 2002இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும், கழுத்துப் பெருஞ்சிரையில் குழாய் செலுத்தும்போது மீயொலியின் துணை கொள்ளுமாறு பரிந்துரைத்தன. இதன்பின் அத்திறனைக் கற்பியாமல் விடுவதே விளக்கம் கூற வேண்டிய செயலாயிற்று.

கருவியின் பெயர்ச்சி

போர்க்களத்தில் பயன்படத்தக்க சிறு கருவிக்காக அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமை 1996இல் வழங்கிய நிதியுதவியிலிருந்து, 1999இல் ‘சோனோசைட் 180’ என்னும் கையடக்கக் கருவி சந்தைக்கு வந்தது. 2010களின் பிற்பகுதியில், கைப்பேசித் திரையோடு இணையும் ‘புரோப்’ மட்டுமே கருவியாக நின்றது. ஆயினும் ஜெர்மானியத் தகுதி விதி 1988ஆம் ஆண்டையும், மாதிரிப் பாடத்திட்டம் 1994ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிய பெருங்கருவிகளின் காலத்திலேயே கல்வி தொடங்கிவிட்டது. சிறுகருவி அதனை விரைவுபடுத்தியதே அன்றித் தோற்றுவிக்கவில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிகழ்ந்த சோதனைகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. அங்கு மருத்துவர் அல்லாத விண்வெளி வீரர்கள் குறுகிய முன்பயிற்சியோடு, தரையிலிருந்த வல்லுநரின் சொல்வழி நின்று படங்களை எடுத்தனர். தோள்மூட்டு ஆய்வு பற்றிய அறிக்கை 2005இல் வெளிவந்தது. படம் எடுத்தலும் படத்தைப் பொருள்கொள்ளலும் பிரித்துக் கற்பிக்கத்தக்க இருவேறு திறன்கள் என்பதை அது தெளிவாக்கிற்று.

கற்பித்தல் முறையின் வளர்ச்சி

2012இல் பானரும் பிறரும் முன்வைத்த மாதிரி இத்திறனை நான்கு படிகளாகப் பகுத்தது: ஆய்வு தேவைப்படும் காரணம், படத்தைப் பெறுதல், பொருள்கொள்ளல், மருத்துவ முடிவு. தொடக்கநிலைப் பயிற்சியாளர் பெரும்பாலும் இடர்ப்படுவது இரண்டாம் படியில். புரோப்பை நகர்த்தல், சாய்த்தல், சுழற்றல், அழுத்தல் ஆகியவை மில்லிமீட்டர் அளவில் மாறினாலும் திரையில் உறுப்பு மறைந்துவிடும். விரிவுரையால் இதனைக் கற்பிக்க இயலாது. கையைப் பிடித்துத் திருத்தும் ஆசிரியர் வேண்டும். எனவேதான் சகமாணவர் உடலிலும், பின்னர்ப் போலி உடற்பதுமைகளிலும், இறுதியில் நோயாளியிடமும் பயிலும் வரிசைமுறை உருவாயிற்று.

நான்காம் படியே ஆபத்து நிறைந்தது. ஃபாஸ்ட் ஆய்வில் நீர்மம் தெரியாமை, குருதிக்கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிறிதளவு குருதியும், வயிற்றறைக்குப் பின்புறக் கசிவும் அதில் தப்பக்கூடும். விடையின் எல்லையை அறியாதவர்க்கு விடையே தீங்காகும். இக்காரணத்தால் எண்ணிக்கையை மட்டும் நம்பும் மதிப்பீடு போதாது என்னும் கருத்து வலுப்பெற்று, நேரடிக் கண்காணிப்பு, பதிவுசெய்த படங்களின் மறுஆய்வு ஆகியவை பயிற்சியோடு இணைந்தன. 2006 முதல் தென்கரோலினா, வெயின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மீயொலியை இளநிலை மருத்துவப் பாடத்திலேயே சேர்த்தன.

பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைனின் பணி பாடப்பொருளையே விரித்தது. காற்று மீயொலியைத் தடுப்பதால் நுரையீரல் ஆய்வுக்கு அது உதவாது என்பதே பழைய பாடம். நுரையீரல் உறையில் எழும் போலித் தடங்களே நோயைச் சுட்டும் என அவர் காட்டினார். கிடைக்கோடுகளாகிய ‘ஏ-கோடுகள்’, செங்குத்தாக இறங்கும் ‘பி-கோடுகள்’, உறையின் வழுக்கல் ஆகியவற்றைக் கொண்டு கடும் மூச்சுத்திணறலின் காரணத்தை அறியும் ‘புளூ’ நெறிமுறையை 2008இல் வெளியிட்டார். கதிரியல் துறையிடமிருந்து பெறாத, படுக்கையருகிலேயே பிறந்த அறிவு இது.

இந்தியச் சூழல்: சட்டமும் பயிற்சியும்

இந்தியாவில் புரோப் மருத்துவக் கருவி மட்டுமன்று; சட்டப்பொருளும் ஆகும். கருவிலேயே பெண்ணை அறிந்து அழிக்கும் கொடுமைக்கு மீயொலி துணைபோயிற்று. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்களின் எண்ணிக்கை 1991இல் 945; 2001இல் 927. 1994இல் இயற்றப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்டது. கருவின் பாலினத்தைக் காட்டவல்ல கருவி, அஃது இருக்கும் இடம், கையாளும் மருத்துவரின் தகுதி ஆகிய மூன்றும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டன. கருவுற்ற பெண்ணை ஆராய்ந்தால் ‘எஃப்’ படிவம் நிறைக்கப்பட வேண்டும். அதிலுள்ள குறைபாடே, மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, சட்டமீறலாகக் கொள்ளப்படும். இவ்விதியை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

2012ஆம் ஆண்டின் விதித்திருத்தம் இடம்பெயர்த்தக்க கருவிகளைப் பதிவுபெற்ற உள்நோயாளி வளாகத்திற்குள்ளும், நடமாடும் மருத்துவ ஊர்திகளிலும் மட்டுமே அனுமதித்தது. எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது என்னும் பண்பே பிற நாடுகளில் சிறுகருவியின் சிறப்பு. இங்கு அதுவே ஐயத்திற்குக் காரணமாயிற்று. 2014இல் இளநிலை மருத்துவர்க்கு 300 மணிநேரம் கொண்ட ஆறுமாதப் பயிற்சி விதிகள் வகுக்கப்பட்டன. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதவை என அறிவித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பிற நாடுகளில் மருத்துவச் சங்கங்கள் விவாதித்த உரிமை, இங்கு நீதிமன்றங்களின் பொருளாயிற்று.

அவசர மருத்துவம் இந்திய மருத்துவக் குழுவால் தனித்துறையாக ஏற்கப்பட்டது 2009இல்தான். இளந்துறையின் பயிற்சி மருத்துவர், விபத்துக்குள்ளான ஆண் நோயாளியின் வயிற்றில் குருதியைத் தேடும்போதும், பெண் கருவைக் காக்க எழுந்த சட்டத்தின் எல்லைக்குள்தான் கருவியைக் கையாள்கிறார். சட்டத்தின் நோக்கமும் நியாயமானது. அவர் தேவையும் நியாயமானது. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதால் பயனில்லை. வினாவைச் சுருக்கி, எல்லையை வரையறுத்து, பதிவைக் கட்டாயமாக்கிய படுக்கையருகுக் கல்வியின் நெறிகள், சட்டம் வேண்டும் கணக்குக் காட்டும் ஒழுங்குக்கு இயல்பிலேயே நெருக்கமானவை. எனவே சட்ட அறிவும் ஆவணப் பதிவும் இந்தியப் பாடத்திட்டத்தின் புறவொட்டுகளாக அன்றி, அதன் உள்ளுறுப்புகளாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன தெளிவாகின்றன. படுக்கையருகு மீயொலி பரவியதற்குக் கருவியின் அளவு துணைக்காரணமே. வரையறுத்த வினாவுக்கு விடை காணும் ஆய்வாக அது மாறியபோதே பயிற்சியாளர்க்குக் கற்பிக்கத்தக்கதாயிற்று. உரிமை பயிற்சியோடு பிணைக்கப்பட்டபோது பாடத்திட்டம் வலிமை பெற்றது. தேர்ச்சியின் அளவுகோல் எண்ணிக்கையிலிருந்து கண்காணிக்கப்பட்ட செயல்திறனுக்கு நகர்ந்தது. இந்தியாவில் இவற்றோடு சட்டம் நான்காம் கூறாகச் சேர்கிறது. புரோப்பை யார் பிடிக்கலாம் என்னும் வினாவுக்கு, அதனைப் பிடிக்க எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைக் கொண்டே வரலாறு விடையளித்து வந்துள்ளது.