மந்தைவெளி மனையான கதை

வாசகர்களே, பழைய கிராமக் கணக்கு ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் சற்று பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். நஞ்சை, புஞ்சை, நத்தம் என்று வரிசையாக வரும் பெயர்களுக்கு நடுவே 'மந்தைவெளிப் புறம்போக்கு', 'மேய்க்கால் புறம்போக்கு', 'வண்டிப்பாதைப் புறம்போக்கு' என்ற பெயர்களும் கண்ணில் படும். மனிதன் குடியிருக்க நத்தம், மாடு கூடி நிற்க மந்தைவெளி, மேய மேய்க்கால். ஊர் என்பது மனிதர்கள் மட்டும் வாழும் இடம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. கால்நடைக்கும் கணக்கில் இடம் இருந்தது.

இன்று அந்த இடம் எங்கே? விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடைத்தெருவில் ஒரு மாடு படுத்திருந்தால், 'இது ஏன் இங்கே வந்தது?' என்று சலித்துக்கொள்கிறோம். 'வேறு எங்கே போகும்?' என்று நாம் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடிச் சுமார் 150 ஆண்டுச் சட்ட வரலாற்றைப் பார்ப்போம். நிலத்தைப் பிரிக்கும் சட்டம் ஒரு பக்கமும், பிராணிகளைக் காக்கும் சட்டம் மறு பக்கமுமாக இரண்டு தண்டவாளங்கள் போல இந்த வரலாறு ஓடுகிறது. இரண்டும் சேரும் இடம் உண்டா என்பதே நம் ஆராய்ச்சி.

இரண்டு ஊர்கள்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. 1901-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் சுமார் 11 ஆயிரம் பேர். 2011-இல் விழுப்புரம் நகராட்சியில் 96 ஆயிரம் பேரும், திண்டிவனத்தில் 72 ஆயிரம் பேரும் வாழ்ந்தார்கள். 1879-இல் புதுச்சேரிக்குக் கிளைப்பாதை போடப்பட்டதும் விழுப்புரம் ரயில் சந்திப்பாக வளரத் தொடங்கியது. திண்டிவனமோ மல்லாட்டைக்குப் பெயர் போனது. வேர்க்கடலை, எள் ரகங்களின் பெயரில் வரும் 'டி.எம்.வி.' என்ற எழுத்துகள் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தையே குறிக்கின்றன.

லாரி வருமுன் மல்லாட்டை மூட்டையைச் சந்தைக்கும் ரயிலடிக்கும் கொண்டு சேர்த்தது காளை. வண்டிப்பேட்டை, மாட்டுச் சந்தை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு நகரம் இயங்கியிருக்க முடியாது. இன்றைய பேருந்து நிலையத்துக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் முன்னோடிகள் அவையே.

முதலில் வந்தது பவுண்டு

நாற்கால் பிராணி எங்கே நிற்கலாம் என்பதில் ஆங்கில அரசு தலையிட்டதற்குப் பெரிய அடையாளம் 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்கலாம். தென் மாவட்டங்களில் இதைக் 'கொண்டித் தொழு' என்பார்கள். தண்டம் கட்டினால் மாடு திரும்பக் கிடைக்கும். அன்றைய விகிதப்படி யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, பசுவுக்கும் காளைக்கும் 4 அணா, ஆட்டுக்கு 1 அணா. யாரும் தேடி வராவிட்டால் அறிவிப்புக்குப் பிறகு ஏலம்.

இந்தச் சட்டம் மாட்டின் நலனுக்காக வந்ததன்று. பயிரையும் சொத்தையும் காக்க வந்தது. ஆயினும் அதில் ஒரு வரி நம் கவனத்துக்கு உரியது. பவுண்டுக் காவலர், அடைத்த கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். குற்றவாளியாகப் பிடித்து வந்த பிராணிக்கும் பசி உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

அடுத்து, 1890-இல் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. மாட்டை அடிப்பதும், அளவுக்கு மேல் ஓட்டுவதும் தெருவிலோ, பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ, அல்லது தெருவில் நிற்பவர் கண்ணில் படும்படியோ நடந்தால்தான் குற்றம். கொல்லைப்புறத்தில் மறைவாக நடந்தால் அந்தப் பிரிவு தொடாது. அடிபடும் மாட்டின் வலியைவிட, பார்ப்பவர் மனம் படும் வேதனையையே சட்டம் முதலில் எண்ணியது போலும். இந்தக் குறை பிற்காலத்தில்தான் சரிசெய்யப்பட்டது.

பன்றியும் வரவேற்பறையும்

இனி நிலச் சட்டத்துக்கு வருவோம். நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, 'இங்கே வீடு, அங்கே தொழிற்சாலை' என்று கோடு போடும் முறை நம் நாட்டில் பிறந்ததன்று. ஆகவே சற்று கடல் கடந்து போய் வருவோம். லண்டன் நகரின் நடுவே இருந்த ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தை, கூட்டமும் அசுத்தமும் பொறுக்க முடியாமல் 1855-இல் நகர எல்லைக்கு அப்பால் மாற்றப்பட்டது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் 1891-இல் நகரம் முழுவதையும் வட்டாரங்களாகப் பிரித்தது. நியூயார்க் 1916-இல் இதைப் பின்பற்றியது. ஒருவர் தம் சொந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று நகராட்சி சொல்வது நியாயமா? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூரில் எழுந்த வழக்கில், 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'நியாயமே' என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட் ஓர் உவமை சொன்னார். பன்றி தொழுவத்தில் இருந்தால் யாருக்கும் குறையில்லை; வரவேற்பறைக்குள் வந்தால்தான் தொல்லை என்பது அதன் கருத்து. பார்த்தீர்களா? நகரத்துக்குக் கோடு போடும் கலையின் புகழ்பெற்ற தீர்ப்பிலேயே ஒரு பிராணி நடுநாயகமாக நிற்கிறது. ஆனால் அந்த உவமையில் பன்றிக்குத் தொழுவம் ஒன்று இருந்தது. வரவேற்பறையை விட்டு விரட்டினால் அதற்குப் போக இடம் உண்டு. தொழுவமே வரவேற்பறையாகிவிட்டால் என்ன செய்வது? உவமை அதைச் சொல்லவில்லை.

நம் மாநிலத்துக்கு நகரமைப்புக் கலையைக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914-இல் வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே 'எம்டன்' மூழ்கடித்தது. ஆயினும் அவர் தளரவில்லை. புதிதாகப் பொருள் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது.

அதே 1920-இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தது. விழுப்புரம் நகராட்சியாகி அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. ஆதாயத்துக்காக மாடு, குதிரை கட்டும் கொட்டகைக்கு உரிமம் வேண்டும். ஆடு அடிக்கும் தொட்டியை நகராட்சி ஏற்படுத்தலாம். தெருவில் திரியும் நாயையும் பன்றியையும் ஒழிக்கலாம். நகராட்சிச் சட்டத்தின் பார்வையில் பிராணி என்பது சுகாதாரப் பிரச்சினை. இந்தச் சட்டம் ஒரு நூற்றாண்டு நடைமுறையில் இருந்து, 2023-இல்தான் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்கு இடம் விட்டது.

வரைபடத்தில் இல்லாத மாடு

நகரமைப்புச் சட்டம் 1971-இல் புதிதாக இயற்றப்பட்டது. நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிப்பதும், நிலத்தை வகைப்படுத்துவதும் இதன்படியே நடக்கின்றன. ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, பொது உபயோகம், விவசாயம் என்பன வகைகள். ஒரு வகையை இன்னொன்றாக்குவதற்கு 'நில உபயோக மாற்றம்' என்று பெயர்.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். மந்தைவெளி எங்கே? மேய்க்கால் எங்கே? பழைய கணக்கில் பெயரோடு இருந்தவை புதிய வகைகளுள் ஒன்றாகக்கூட இல்லை. விவசாய வட்டாரத்தில் மாடு கட்டலாம். அந்த வட்டாரம் குடியிருப்பாக மாறிய மறுநாள் நிலைமை வேறு. மாடு நகரவில்லை, அதே கொட்டகையில்தான் நிற்கிறது. ஆனால் கோடு அதைத் தாண்டிப் போய்விட்டது. நேற்றுவரை சொத்தாக இருந்தது இன்று புகாராகிறது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று நகர்ப்புறங்களில் பிராணிகளும் பறவைகளும் வளர்ப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது. மேய்ச்சல் நிலத்தை இழந்த பால்காரர் உரிமம் வாங்கலாம். புல் எங்கே வாங்குவார்?

இங்கே கொஞ்சம் உடலியலும் தெரிந்துகொள்வோம். மேய்ச்சலில் இருக்கும் பசு நாளில் 6 முதல் 9 மணி நேரம் மேயும். பல மணி நேரம் படுத்து அசைபோடும். அதற்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு. கன்னத்துப் பற்களால் அரைக்கு முன்பே இரையை விழுங்கி, பிறகு மீட்டு மெல்லும் பிராணி அது. ஆகையால் குப்பைமேட்டில் எச்சிலோடு சேர்ந்து பாலித்தீன் பையும் உள்ளே போய்விடுகிறது. முதல் அறையில் தங்கும் அந்தப் பை கரைவதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. சேர்ந்து உருண்டையாகி இரைக்கு இடமில்லாமல் செய்கிறது. மேய்க்கால் போனதன் விளைவை மாட்டின் வயிற்றுக்குள்ளேயே பார்க்கலாம்.

கருணைக்கும் இடம் வேண்டும்

மறு தண்டவாளத்துக்கு வருவோம். நாடாளுமன்ற மேலவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டு வந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதன் நலன் காக்கும் கடமை உண்டு என்று இச்சட்டம் சொன்னது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ஆனால் முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய்தான். 60 ஆண்டுகள் கடந்தும் அந்தத் தொகை ஏறவில்லை.

1965-இல் வண்டி மாடுகளுக்கு விதிகள் வந்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவிடாமல் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தை நினைத்தால் இந்த விதியின் அருமை விளங்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் மாடு நிழலில் நிற்க வேண்டுமே! வண்டிப்பேட்டை கடைத்தொகுதியாக மாறிய ஊரில் விதி இருக்கும், நிழல் இருக்காது.

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் 'ஐந்து சுதந்திரங்கள்' பற்றிப் பேசியது. பசி தாகம் இன்மை, அசௌகரியம் இன்மை, வலியும் நோயும் இன்மை, அச்சம் இன்மை, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு என்பன அவை. பிரிட்டனில் 1965-இல் வெளியான பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்த கருத்து இது. நிற்க, படுக்க, திரும்ப, உடலை நக்கிச் சுத்தம் செய்ய, காலை நீட்ட இடம் வேண்டும் என்றது அந்தக் குழு. கூர்ந்து பாருங்கள், ஐந்தும் இடத்தைக் கேட்பவை. 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதித்த மாநிலத் திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு எனக் கூற முன்னுதாரணம் இல்லை என்றும் சொன்னது. ஆக, உரிமை பற்றிய விவாதம் முடியவில்லை. இடம் பற்றிய விவாதமோ தொடங்கவே இல்லை.

தெரு நாயின் முகவரி

ஒரு பிராணி விஷயத்தில் மட்டும் சட்டம் இடத்தைப் பேசியது. தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் கூறின. சென்னையில் புளூ கிராஸ் சங்கம் 1964-லேயே தொடங்கிய முறை இது. காரணம் அறிவியல்தான். ஒரு தெருவின் நாய்களை முழுவதும் அகற்றினால், அங்கே குப்பையும் எச்சிலும் இருக்கும் வரை பக்கத்துத் தெரு நாய்கள் குடியேறும். அவை தடுப்பூசி போடாதவையாக இருக்கலாம். சுமார் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல்களுக்கும் விலகி, நாய்க்குச் சோறு வைக்கும் இடத்தைக் குறிக்கச் சொன்னன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு விதி எண் ஆறுதலாகாது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கவும், அதே இடத்தில் திரும்ப விடாதிருக்கவும் ஆணையிட்டது. நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளையும் அப்புறப்படுத்தச் சொன்னது. ரயில் சந்திப்பும் நெடுஞ்சாலையுமாக வளர்ந்த விழுப்புரம் போன்ற ஊருக்கு இதன் பொருள் என்ன? காப்பகம் வேண்டும், காப்பகத்துக்கு நிலம் வேண்டும். சுற்றிச் சுற்றி மீண்டும் நிலத்துக்கே வந்து நிற்கிறோம்.

இரண்டும் சேரும் இடம்

பிராணிக்காகக் கோடு போடவே முடியாதா? முடியும். இதே விழுப்புரம் மாவட்டத்தில், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி ஏரியில் சுமார் 5,150 ஹெக்டேர் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூர தேசத்திலிருந்து வலசை வரும் பறவைக்கு நாம் நிலம் ஒதுக்கினோம். நம் தெருவிலேயே பிறந்த கன்றுக்கு?

அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையைப் பாருங்கள். 1993 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தத்தின்படி நகராட்சிகளுக்கு உரிய 18 பொறுப்புகள் அதில் இருக்கின்றன. இரண்டாவது, நில உபயோகத்தை ஒழுங்குபடுத்துதல். பதினைந்தாவது, கால்நடைப் பட்டியும் பிராணிகள் வதைத் தடுப்பும். நாம் தேடிய இடம் இதுதான். இரண்டு தண்டவாளங்களும் ஒரே நகராட்சிக் கட்டடத்துக்குள் வந்து சேர்கின்றன. ஆனால் நகரமைப்புப் பிரிவு ஓர் அறையில், சுகாதாரப் பிரிவு வேறோர் அறையில். நடுவில் உள்ள சுவரைத் தாண்டிக் கோப்பு போவது அரிது.

அந்தக் கோப்பை நகர்த்த உங்களாலும் முடியும். முழுமைத் திட்டத்துக்கும் நில உபயோக மாற்றத்துக்கும் பொதுமக்களின் ஆட்சேபணையும் யோசனையும் கேட்டு அறிவிப்பு வருவது வழக்கம். பெரும்பாலும் மனை வாங்குவோரும் விற்போரும்தான் அதைப் படிக்கிறார்கள். அடுத்த அறிவிப்பை நீங்களும் படியுங்கள். அந்தப் புல எண்ணில் மாட்டுக் கொட்டகை இருக்கிறதா, குட்டை இருக்கிறதா, பழைய கணக்கில் மேய்க்கால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: 'இங்கே இருக்கும் பிராணிகளுக்கு எந்த இடம்?'

1871-ஆம் ஆண்டின் பவுண்டுக்குக்கூட நான்கு சுவரும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. நாம் வரையும் புதிய வரைபடம் அதைவிடக் குறைவாக இருக்கலாமா?