அந்த ஓட்டை யாருக்குச் சொந்தம்? - ஒரு பிக்கப் ரேடியோவின் கதை



போன வாரம் எங்கள் வணிகச் சட்ட வகுப்பில் 'டை-இன்' பற்றிப் பாடம். ஒரு பொருள் வேண்டுமென்றால் இன்னொரு பொருளையும் சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்று விற்பவர் கட்டாயப்படுத்துவது. சார் சொன்ன உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கேஸ் இணைப்பு வேண்டுமா, அடுப்பையும் எங்களிடமே வாங்கு! பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. நானும்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவர் தன் பழைய செவர்லே பிக்கப் வண்டியில் கம்பெனி போட்ட ரேடியோவைக் கழற்றிவிட்டு வேறு ரேடியோ மாட்டுகிறார். இருபது நிமிடம். நான் பி.காம். மாணவன், ஸ்க்ரூ டிரைவரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் பார்க்கப் பார்க்க, காலையில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம் இதுதானே என்று தோன்றியது. அப்புறம் தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் ஓட்டை

கார் ரேடியோ முதலில் கார் கம்பெனிகளிடமிருந்து வரவில்லை. வெளியாட்களிடமிருந்து வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1928ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவர் ஒரு சிறிய கம்பெனி தொடங்கினார். பேட்டரியில் ஓடும் ரேடியோவை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்கும் ஒரு கருவிதான் அவருடைய முதல் சரக்கு. மின்சாரத்திலேயே ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தக் கருவிக்கு மவுசு போனது. 1929ல் பங்குச் சந்தையும் சரிந்தது. பிழைக்க வேறு வழி வேண்டும். 1930ல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வினுக்கு உள்ளே கடை போட இடமில்லை. தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, மாநாட்டு வாசலில் நிறுத்திச் சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் கிடைத்தது. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. ஆமாம், செல்போன் மோட்டரோலாவேதான்!

விலை 110 முதல் 130 டாலர் வரை. சாதாரணப் புதுக் காரே அறுநூறு டாலர் பக்கம் விற்ற காலம். இதில் மாட்டும் வேலை வேறு. டாஷ்போர்டை அறுத்து ஓட்டை போட வேண்டும். வால்வுகளுக்கு அதிக வோல்ட் தேவை என்பதால் தனி பேட்டரிகளைத் தரைப்பலகைக்கு அடியில் வைக்க வேண்டும். ஆன்டெனாவைக் கூரைத் துணிக்குள் ஒளிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் போடும் கரகர சத்தத்தை அடக்க வேண்டும். வங்கிக் கடனுக்காக ஒரு மேனேஜரின் காரில் கால்வின் ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம், சிறிது நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்துவிட்டதாம். மோட்டரோலா பற்றிச் சொல்லப்படும் கதைகளில் தவறாமல் வருவது இது. உண்மையோ, மிகையோ, மாட்டுவது எவ்வளவு வில்லங்கமான வேலையாக இருந்தது என்று புரிகிறது அல்லவா?

கம்பெனி உள்ளே வந்தது

வெளியாள் காசு பார்த்தால் முதலாளி சும்மா இருப்பாரா? ஜெனரல் மோட்டார்ஸ் 1936ல் இண்டியானா மாநிலத்தின் கோகோமோவில் டெல்கோ ரேடியோ பிரிவை ஆரம்பித்தது. ஃபோர்டுக்கும் கிரைஸ்லருக்கும் ஃபில்கோ கம்பெனி ரேடியோ செய்து கொடுத்தது. 1961ல் ஃபோர்டு அந்த ஃபில்கோவையே விலைக்கு வாங்கிவிட்டது.

இதற்கிடையே தொழில்நுட்பமும் மாறியது. தனி பேட்டரிகள் போய், வண்டியின் 6 வோல்ட் மின்சாரத்தையே உயர்த்திக் கொடுக்கும் 'வைப்ரேட்டர்' வந்தது. 1950களின் நடுவில் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. 1955ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை அறிவித்தன.

பிக்கப்பின் கதை கொஞ்சம் தனி. அது விவசாயிக்கும் கொத்தனாருக்கும் உழைப்பதற்கான வண்டி. ரேடியோ ஆடம்பரம், கூடுதல் காசு கொடுத்தால்தான் வரும். வேண்டாம் என்றால் அந்த இடத்தை ஒரு தகடு போட்டு மூடிக் கொடுத்தார்கள். கவனியுங்கள்: ஓட்டையை இப்போது கம்பெனியே போட்டுவிட்டது. அதில் என்ன வைப்பது என்பது மட்டும் வாங்குபவர் கையில்.

ஆனால் அந்த ஓட்டையின் அளவு? கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. நடுவில் ஒரு செவ்வகம், இரு பக்கமும் குமிழ்த் தண்டு வெளியே வர இரண்டு துளைகள். தண்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் கால் அங்குலம் மாறினாலும் வேறு ரேடியோ உட்காராது.

நீதிமன்றத்தில் ரேடியோ

ஒவ்வொரு மாடலின் டாஷ்போர்டுக்கும் பொருந்துகிற மாதிரி ரேடியோ செய்து விற்ற வெளிக் கம்பெனிகளில் ஒன்று ஆட்டோமேட்டிக் ரேடியோ. ஃபோர்டு தன் டாஷ்போர்டை வடிவமைக்கும் விதம் எங்களைத் தொழிலிலிருந்தே துரத்துகிறது என்று அது வழக்குப் போட்டது. 1967ல் மாசசூசெட்ஸ் மாவட்ட நீதிமன்றம் தடை உத்தரவு கொடுக்க மறுத்தது. 1968ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அடுத்த வழக்குதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1980களில் கிரைஸ்லர் தன் பெரும்பாலான கார்களில் ரேடியோவைக் கூடுதல் பொருளாக விற்காமல், வண்டியோடு சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தது. தனியாக ரேடியோ விற்று மாட்டிக் கொடுத்த கடைக்காரர்கள் 'இது டை-இன்' என்று வழக்குத் தொடர்ந்தார்கள். டவுன் சவுண்ட் எதிர் கிரைஸ்லர். 1992ல் தீர்ப்பு. கடைக்காரர்கள் தோற்றார்கள். புதுக் கார் சந்தையில் கிரைஸ்லரின் பங்கு 10 முதல் 12 சதவீதம்தான்; இவ்வளவு சிறிய பங்கு உள்ளவர் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, பிடிக்காதவர் வேறு கார் வாங்கிக்கொள்ளலாம் என்பது சாரம்.

படித்ததும் சரி என்றுதான் பட்டது. பிறகு ஒரு சந்தேகம். பத்து சதவீதக்காரர் செய்தால் தப்பில்லை, சரி. அவரைப் பார்த்து மற்ற எல்லோரும் அதையே செய்தால்? ஒவ்வொருவராகப் பார்த்தால் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ரேடியோ இல்லாத வண்டி கேட்பவருக்குக் கடைசியில் போக இடமிருக்காது. பிடிக்காத ரேடியோவுக்கு ஒரு தடவை, பிடித்த ரேடியோவுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை காசு. இதை வகுப்பில் கேட்டேன். சார் சிரித்துவிட்டு "அடுத்த செமஸ்டரில் பேசலாம்" என்றார் :-)

பயத்தைப் போக்கியவர்

ரேடியோவை மாற்றவிடாமல் தடுத்தது கம்பெனிகள் மட்டுமல்ல, நம் பயமும்தான். 1974ல் வர்ஜீனியாவில் பில் கிரட்ச்ஃபீல்டு என்ற இளைஞர் தன் பழைய போர்ஷே காருக்கு ரேடியோ மாட்ட நினைத்தார். எது பொருந்தும் என்று சொல்ல ஆளில்லை. அம்மா வீட்டு நிலவறையில் தபால் மூலம் கார் ரேடியோ விற்கும் தொழிலைத் தொடங்கினார். வியாபாரம் படுத்தது. வாடிக்கையாளர்களிடமே கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார். நாமே மாட்டப் போய் ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று தெரிந்தது. அதன் பிறகு விலைப்பட்டியலை ஒரு பத்திரிகை போல மாற்றி, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது என்று விளக்கமாக எழுதினார். தொழில் நிமிர்ந்தது. மார்க்கெட்டிங் புத்தகத்தில் 'வாடிக்கையாளர் ஆய்வு' என்று நாம் மனப்பாடம் செய்வதன் நிஜ உருவம்!

இன்னொரு உதவி ஜெர்மனியிலிருந்து வந்தது. 180 x 50 மில்லிமீட்டர் என்று ஓட்டைக்கு ஒரே அளவு. அந்த நாட்டுத் தரநிர்ணய அமைப்பின் பெயரால் 'டின்' அளவு என்கிறார்கள். 1984ல் சர்வதேசத் தரமானது. வயர்களின் நிறத்திலும் வெளி ரேடியோக்காரர்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள்: எப்போதும் மின்சாரம் வரும் வயர் மஞ்சள், சாவி திருப்பினால் மட்டும் வருவது சிவப்பு, எர்த் கருப்பு. என்னைப் போன்றவனுக்கே புரிகிறது.

ஓட்டை இருக்கிறது, ஆனால்...

ஓட்டையின் வடிவத்தால் வந்த தடை ஓய்ந்த பிறகு, தடை வயருக்குள் குடிபுகுந்தது. 2003க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் பெரிய பிக்கப்புகளில் சீட் பெல்ட் போடாவிட்டால், சாவியை மறந்தால் 'டிங் டிங்' என்று எச்சரிக்கும் மணியோசை ரேடியோ வழியாகத்தான் வருகிறது. ரேடியோவைக் கழற்றினால் எச்சரிக்கையும் போய்விடும். அந்த ஓசையைத் திருப்பித் தரத் தனியாக ஓர் இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும். அதைச் செய்து விற்கவும் கம்பெனிகள் முளைத்துவிட்டன. ஒரு கதவை மூடினால் சாவி செய்பவனுக்கு வேலை கிடைக்கிறது.

பழைய பிக்கப்புகளுக்கோ வேறு சிக்கல். 1980களில் பலர் இரண்டு தண்டு ரேடியோவைத் தூக்கிவிட்டு, புது அளவு ரேடியோவுக்காக இரும்பு டாஷ்போர்டையே வெட்டினார்கள். அன்று அது வெறும் பழைய வண்டி. இன்று அதே வண்டியைப் புதுப்பிப்பவர்கள் அந்த வெட்டுக் காயத்தைப் பற்றவைத்து அடைக்கிறார்கள். இப்போது பழைய மாதிரியே இரண்டு தண்டும், உள்ளே புளூடூத்துமாகப் புது ரேடியோக்கள் வருகின்றன. எதையும் வெட்ட வேண்டாம்.

அதிலும் சில கண்ணிகள் உண்டு. 1955 வரை வந்த ஃபோர்டு வண்டிகள் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். இன்றைய சாதாரண ரேடியோவை நேராக மாட்டினால் அவ்வளவுதான். பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை உடம்போடு எர்த் செய்திருப்பதும் உண்டு; புது ரேடியோவை அப்படி இணைத்தால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும். வீடியோவில் பார்த்தவர் முதலில் செய்தது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியதுதான். அப்புறம் குமிழ், நட்டு, பின்னால் தாங்கும் பட்டை, ஆன்டெனா வயர். கழற்றிய பழைய ரேடியோவை அவர் எறியவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். வண்டியை விற்கும்போது அதுவும் மதிப்பு சேர்க்குமாம்.

கடைசியாக...

2023ல் ஜெனரல் மோட்டார்ஸ், தன் புதிய மின்சார வண்டிகளில் ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, எங்கள் மென்பொருள்தான் என்று அறிவித்தது. படித்தபோது 1930ல் மாநாட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார். கார் ரேடியோ என்ற தொழிலே, வண்டி வாங்கியவன் தன் டாஷ்போர்டை வெட்டிக்கொள்ளலாம் என்பதால் பிறந்தது. வெட்டுவதற்கு இடமே இல்லாமல், கண்ணாடித் திரையாக மட்டும் டாஷ்போர்டு இருந்தால் அடுத்த கால்வின் எங்கே போய் ஓட்டை போடுவார்?

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் செலவு குறையும், கோளாறு குறையும், திருட்டும் குறையும். ஆனால் முழுக் காசு கொடுத்து வாங்கிய வண்டியில் எனக்குப் பிடித்த ரேடியோவை மாட்ட முடியாது என்றால் நான் வாங்கியது என்ன? என் மனசு அந்த பிக்கப்காரர் பக்கம்தான். உங்கள் மனசு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள் நண்பர்களே. செமஸ்டர் பரீட்சையில் டை-இன் கேள்வி வந்தால், இந்தத் தடவை கேஸ் அடுப்பை எழுதப் போவதில்லை!