விழுந்த பிறகு எண்ணும் காசு

வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். எங்காவது ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்தால், சாரத்தில் செருப்போடு ஒரு தம்பி நிற்பான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இருக்காது. இருந்தாலும் அதன் கொக்கி எதிலும் மாட்டியிருக்காது. யாராவது விழுந்துவிட்டால் நாம் சொல்வது இரண்டே வசனம்: "கவனமில்லாம இருந்திருப்பான்." "கத்ர், என்ன செய்ய?"

இந்த இரண்டோடும் பொறுப்பு முடிந்துவிடாது என்று நமது நாட்டுச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது.

அது சும்மா வரவில்லை. 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தை அமைத்தார். 1927இல் கொட்டாஞ்சேனைக்குக் கீழே இருக்கும் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. 1933இல் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். இவை பெரும்பாலும் சம்பளப் போராட்டங்கள்தான். ஆனாலும் தொழிலாளியின் குரலை அரசு கேட்டே ஆகவேண்டிய காலத்தை அவை கொண்டுவந்தன.

1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அப்போது தொழில் அமைச்சர் மலையகத் தமிழரான பெரி சுந்தரம். அதன் அடிப்படை எளிமையானது: வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. ஆனால் முதலாளி பிழை செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை.

விழாமல் தடுப்பதற்கான சட்டம் பிறகுதான் வந்தது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அது. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. உறுதியான தளம், கைப்பிடியுள்ள படிக்கட்டு, வேலை செய்யும் இடத்துக்குப் பாதுகாப்பாகப் போய்வரும் வழி என்பவற்றை அது கேட்டது. நடைமுறைக்கு வந்தது 1950இல்.

வரிசையைக் கவனியுங்கள். விழுந்தவனுக்குக் காசு எண்ணுவதை முதலில் படித்தோம். விழாமல் காப்பதைப் பிறகு படித்தோம். இன்றும் பல இடங்களில் நாம் முதல் பாடத்திலேயே நிற்கிறோம்.

இரண்டாவது பாடம் கடினமானதல்ல. ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. கீழே நின்றே இதைச் செய்ய முடியாதா? ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் உறுதியான பலகையும் சுற்றிக் கம்பித் தடுப்பும் இருக்கிறதா? லிப்ட் வரவேண்டிய வெற்றுக் குழி மறைக்கப்பட்டிருக்கிறதா? இவ்வளவுக்கும் பிறகுதான் பட்டி. அது கடைசிக் காவல். பலமான ஒன்றில் மாட்டாத பட்டி வெறும் அலங்காரம். சாய்க்கும் ஏணியென்றால் 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடிப்பாகம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

மேசன் பாஸை மட்டும் சொல்லி நாம் தப்ப முடியாது. பாடசாலை விழாவுக்குத் தோரணம் கட்ட, மேசைக்கு மேல் கதிரை வைத்து ஏறுகிறவர்கள் நாம்தான். கீழே நின்று பார்ப்பது நமது மாணவர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று குர்ஆன் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். அடுத்த விழாவுக்கு முன் அதிபரிடம் ஒரு நல்ல ஏணி கேட்போம். நமது வீட்டுக்கு மேல்மாடி கட்ட வருகிறவனுக்கும் தடுப்புக் கட்டும் செலவைக் கணக்கில் சேர்ப்போம்.