காவடியும் கணக்கும்: டார்வினின் நாயிலிருந்து மாவிட்டபுரம் வரை

திருவிழாவில தூக்குக்காவடி வரேக்க எங்கட சனம் ரெண்டு விதமாத்தான் கதைக்கும். ஒரு பக்கம் ‘பக்தி’, மறுபக்கம் ‘மூடநம்பிக்கை’. சமயத்தைப் பரிணாமவியலின் வழியாக ஆராய்பவர்கள் கேட்பது வேறு கேள்வி: இவ்வளவு வலியும் செலவும் உள்ள வழக்கம் ஏன் அழியாமல் நிலைத்தது?

கேள்வி பழையது. 1871இல் வெளியான ‘மனிதனின் வம்சாவளி’யில் சார்ள்ஸ் டார்வின் தன் நாயைப் பற்றி எழுதுகிறார். புல்வெளியில் விரித்து வைத்த குடை காற்றில் அசையும்போதெல்லாம் அது உறுமியதாம். கண்ணுக்குத் தெரியாத யாரோ அசைப்பதாக நினைத்திருக்கும், ஆவி நம்பிக்கையும் இப்படித் தொடங்கியிருக்கலாம் என்று ஊகிக்கிறார். அதே நூலில், ஒருவருக்கொருவர் உதவத் தயாரானவர்கள் நிறைந்த குலம் மற்றக் குலங்களை வெல்லும் என்றும் சொல்கிறார். அவர் பேசியது ஒழுக்கம் பற்றி. 2002இல் டேவிட் ஸ்லோன் வில்சன் அந்தச் சிந்தனையைச் சமயத்துக்கும் நீட்டினார்: சமயம் ஒரு குழுவை ஒன்றாக இயங்க வைக்கிறது.

இதைச் சோதிக்க டிமிட்ரிஸ் ஸிகலாடாஸும் குழுவினரும் போன இடங்களில் ஒன்று மொரிசியஸ். அங்கயும் தமிழர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கினம். பங்கெடுத்தவர்களுக்கு 200 ரூபா கொடுத்து, விரும்பினால் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களை விடக் காவடி எடுத்தவர்கள் கூடக் கொடுத்தார்கள். வலி கூடியவர்கள் கொடுத்ததும் கூட. காவடியோட கூட நடந்து பார்த்தவர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். 2013இல் முடிவு வெளியானது.

சரி, வலி ஆட்களை இணைக்குது. ஆனா, ஆரை?

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிட ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் போராடினார்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. இருந்தும் மறித்தார்கள். மறித்தவர்களும் முருகனைத்தான் கும்பிட்டார்கள், வெளியே நின்றவர்களும் அவனைத்தான் கும்பிட்டார்கள். உள்ளே இருந்தவர்களிடம் ஒற்றுமைக்குக் குறைவில்லை. அந்த ஒற்றுமைதான் கதவைச் சாத்தியது.

ஒரு சடங்கு ஏன் நிலைத்தது என்பதற்குப் பரிணாமவியல் நல்ல விளக்கம் தரலாம். நிலைத்ததால அது சரியெண்டு ஆகாது. ‘எங்கட கோயில்’ எண்டு நாங்கள் சொல்லேக்க, அந்த ‘எங்கட’வுக்குள்ள ஆர் ஆர் இருக்கினம் எண்டதை நாங்கள்தான் கேக்கவேணும்.