ஐம்பதுக்குள் மாட்டிய இருபத்து நாலு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குக்கூட அந்த இடம் மறக்காது. உள்ளே இருக்கும் மோட்டார்களுக்கு வருகிற கரண்ட் விநாடிக்கு 50 முறை துடிக்கிறது. அதே மாவட்டத்து நெய்வேலியில் 1962-ல் மின் உற்பத்தி தொடங்கியது. அனல் மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். அறுபதால் வகுத்துப் பாருங்கள். அதே 50!

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி சாப்பாட்டோடு டிவியில் படம் பார்க்கிறவருக்கும் இந்த 50-க்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு எண்ணைப் பார்த்துவிடுவோம். 24.

மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1920-களின் கடைசியில் சினிமா பேச ஆரம்பித்ததும் வந்தது வம்பு. வேகம் மாறினால் குரலும் மாறுமே! அதனால் விநாடிக்கு 24 படம் என்று முடிவு கட்டினார்கள். கூட்டினால் ஃபிலிம் செலவு, குறைத்தால் ஒலி கெடும். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது அப்பட்டமான பட்ஜெட் கணக்கு. 1931-ல் நம்முடைய முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வருவதற்குள் 24 நிலைத்துவிட்டது.

டிவி வேறு வீட்டுப் பிள்ளை. 1936-ல் லண்டனில் பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, திரையில் படம் மாறும் வேகத்தைக் கரண்டின் துடிப்போடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கறுப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். அங்கே கரண்ட் 50, எனவே டிவியும் 50. அமெரிக்காவில் கரண்ட் 60, டிவியும் 60. 1959-ல் டெல்லிக்கும் 1975-ல் சென்னைக்கும் வந்தது 50-தான். 1982-ல் கலர் வந்தது, 2006-ல் இலவச கலர் டிவி திட்டம் வந்தது. எண் மட்டும் மாறவில்லை.

இப்போது சிக்கல் புரிகிறதா? 24 படத்தை 50 துடிப்புக்குள் எப்படி அடைப்பது?

50 துடிப்பு நாடுகளில் சுலபமான வழி பிடித்தார்கள். படத்தை 25 வேகத்தில் ஓட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டினார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துபோகும். பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மியாக ஏறிவிடும். அமெரிக்காக்காரர்கள் ஒரு படத்தை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வேகம் கெடவில்லை. ஆனால் கேமரா மெதுவாகத் திரும்பினால் காட்சி நொண்டும்.

பிறகு தட்டை டிவி வந்தது. அதில் ஒவ்வொரு படமும் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்பதால், வேகமாக ஓடும் பந்து கலங்கித் தெரியும். இதற்கு மருந்தாக 100, 120 ஹெர்ட்ஸ் டிவிகளைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு வித்தையும் வந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று டிவியே ஊகித்து, இல்லாத படங்களை வரைந்து சொருகும். சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்று பெயர்.

கிரிக்கெட்டுக்கு இது சரி. சினிமாவுக்கு? வீடியோ கேமராவில் எடுத்த செய்தியும் சீரியலும் விநாடிக்கு 50 அசைவாக நம் வீட்டுக்கு வந்தவை. சினிமா 24. இத்தனை வருஷத்தில் நம் கண் இதைப் பாடமாகப் படித்துவிட்டது. வழவழவென்று நகர்ந்தால் சீரியல், லேசாகத் தயங்கினால் சினிமா. சொருகிய படங்களோடு பார்த்தால் கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த படம்கூட மெகா சீரியல் மாதிரி தெரிவது இதனால்தான். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸ் வீடியோவே வெளியிட்டு, ‘தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். 2019-ல் இதை ஒரே அமுக்கில் அணைக்க ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் 120 ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீணா? வீணில்லை. 24 என்பது 50-லும் 60-லும் சரியாக வகுபடாது. 120-ல் மீதியில்லாமல் ஐந்து தடவை அடங்கும். ஒவ்வொரு படமும் சரிசமமாக ஐந்து தடவை. வேகமும் கெடாது, நொண்டலும் கிடையாது.

அதனால் கடைக்குப் போனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது பல நேரம் விளம்பர எண். ‘பேனலோட அசல் ஹெர்ட்ஸ் எவ்வளவு?’ என்று கேளுங்கள். வாங்கி வந்ததும் செட்டிங்ஸுக்குள் போய், படம் பார்க்கும்போது அந்த வழவழப்பை அணைத்துவிடுங்கள். இயக்குநர் எடுக்காத படத்தை நீங்கள் ஏன் பார்க்க வேண்டும்?