கப்பலுக்குள் ஒரு யானை

வன்னிக் காட்டில் பிடிபட்ட நாளிலிருந்து அந்த யானைக்கு உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பழக்கிய யானைகளுக்கு நடுவே கட்டுண்டு, ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழைந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் யானை வியாபாரம் அவர்கள் கைக்குப் போனது. வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகவே யானை கொடுத்தார்கள். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் முழக்கணக்கில் உயரம் அளந்து விலை பேசினார்கள். கொம்பனுக்கு விலை கூட.

பெரும்பாடு, யானைகள் கப்பலேறிய ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில். மூட்டையென்றால் தோளில் தூக்கலாம், பீப்பாவென்றால் உருட்டலாம். மிரண்டு நிற்கும் மூன்று தொன் உயிரை எப்படிக் கப்பலேற்றுவது? இலங்கையின் வேறு துறைகளில் ஏற்றிய விதம் பற்றி ஒல்லாந்தர் காலத்து விவரிப்பு ஒன்று இருக்கிறது. பாய்த்துணியைப் பல மடிப்பாக மடித்து, யானையின் நெஞ்சு, வயிறு, விலா எல்லாம் மூடும்படி சுற்றி, முதுகின்மேல் இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டு பழகிய யானைகள் அதைக் கடலுக்குள் அழைத்துப்போகும். கப்பலின் ஓரத்தை அடைந்ததும் கப்பியில் ஓடும் வடத்தைத் துணியில் மாட்டி மேலே இழுப்பார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, நான்கு கால்களும் பற்றுவதற்கு எதுவுமின்றி அது தொங்கிய அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

கனத்த சரக்கு கப்பலின் நடுவில், தாழ்வாக இருக்கவேண்டும். ஆனால் நெல்மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், யானை அசையும். அதனால் காலைப் பிணைக்கவேண்டும். அதைவிட இடத்தை விழுங்கியது அதன் தீனி. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும், 100 லீற்றருக்குமேல் குடிக்கும். பத்து நாள் ஓட்டமென்றால் ஒரு யானைக்கே ஒன்றரைத் தொன் தழை, ஆயிரம் லீற்றர் நன்னீர். காற்று ஏமாற்றினால் இன்னும் வேண்டும். எத்தனை யானை ஏற்றலாம் என்பதைத் தழையும் தண்ணீரும்தான் தீர்மானித்திருக்கும்.

இந்தச் சரக்கின் ஆபத்தை இந்தக் கடல் நெடுங்காலமாக அறியும். ஒல்லாந்தருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் கல்வெட்டு நிறுத்தினான். பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அரசுக்குக் கால்பங்கு மட்டுமே, முக்கால்பங்கு உடையவனுக்கு. யானை குதிரையில் தனக்குள்ள விருப்பத்தையே அரசன் காரணமாகச் சொல்கிறான். நல்ல சட்டம். யானை நன்றாக நீந்தும். கப்பல் உடைந்தாலும் கரையேறிவிடும், கால்பிணையை அறுத்துவிட யாராவது நினைத்திருந்தால்.