வாதாபிக்குப் போன படையும் நம் புத்தக அலமாரியும்

சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த வரிசைக்குள் நுழைந்தாலும் 'சிவகாமியின் சபதம்' கண்ணில் படும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு சிறு பதிப்பகங்களும் அதை மலிவாக அச்சிட்டு அடுக்கிவிட்டன. அதே அரங்கில், பல்லவர் போர்களைச் சான்றுகளோடு ஆராயும் நூல் ஒன்றைத் தேடிப் பாருங்கள், கால் வலிக்கும். புனைவின் மேல் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. புனைவு முடிந்த இடத்தில் வரலாற்றைத் தேடும் பழக்கம் நமக்கு வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

திருவேற்காட்டுக்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. கருமாரியம்மனைக் காண வரும் கூட்டத்தில் சிலரேனும் வேதபுரீசுவரர் கோயிலுக்கும் போவார்கள். சம்பந்தர் பாடிய தலம் அது. சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுது படைத்த மூர்க்க நாயனாரின் ஊரும் இதுவே. அவர் கதையைப் பாடிய சேக்கிழார், அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். இந்தச் சம்பந்தரும் சேக்கிழாரும்தான் வாதாபிப் போருக்கும் சாட்சிகள்.

சிறுத்தொண்டர் மன்னனுக்காகப் படை நடத்திச் சென்று வாதாபியைத் தூளாக்கினார் என்கிறது பெரியபுராணம். எந்த மன்னன் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தருவது கூரம் செப்பேடு. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை வென்று, வாதாபியை அழித்தவன் முதலாம் நரசிம்மவர்மன் என்று அது பேசுகிறது. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே வெற்றி என்னும் சொல்லை எழுதும் ஏடாகக் கற்பனை செய்கிறது. சம்பந்தரோ, திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லியே பாடுகிறார். இம்மூன்றையும் இணைத்துப் பார்த்த வெங்கையா போன்ற கல்வெட்டறிஞர்களால்தான் சம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டு என்று உறுதிப்பட்டது. ஒரு போரின் தடயம் நம் இலக்கிய வரலாற்றுக்கே ஆண்டுக்கணக்கைத் தந்தது.

ஆனால் செப்பேடுகள் அரசர்களின் புகழுரைகள் என்பதை மறக்கலாகாது. 634இல் பொறிக்கப்பட்ட ஐஹொளெ கல்வெட்டு, பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தவன் புலிகேசி என்கிறது. காசாக்குடிச் செப்பேடோ, முதலாம் மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது. அந்தப் பகைவர் யாரென்று அது சொல்லவில்லை; சாளுக்கியர் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இரு தரப்பும் வென்றதாகச் சொல்லும் இடத்தில் நாவலாசிரியன் ஒரு பக்கம் சாயலாம். வரலாற்றாசிரியன் இரண்டையும் மேசைமேல் வைத்தாக வேண்டும்.

கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதியபோது இந்த இடைவெளிகளைச் சிவகாமியாலும் நாகநந்தியாலும் நிரப்பினார். அது அவருடைய உரிமை. செய்ததும் அழகாகவே செய்தார். படித்த நாமோ நிரப்பியதையும் கிடைத்ததையும் பிரித்துப் பார்க்காமல் விட்டோம். காஞ்சியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வாதாபிக்கு ஒரு படை எப்படிப் போனது? துங்கபத்திரையை எந்தப் பருவத்தில் கடந்தது? யானைகளுக்குத் தீவனம் எங்கே கிடைத்தது? போர் வரலாறு கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று இன்னொரு போர் நடந்தது. கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைத் திப்புவும் ஹைதர் அலியும் நொறுக்கினார்கள். கொசஸ்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள் தடுத்ததும், மன்றோவின் பெரும்படை அருகே காஞ்சியில் இருந்தும் வந்து சேராததும், வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதும் தோல்விக்குக் காரணங்கள். இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிவதற்குக் காரணம், தோற்றவர்கள் உட்காந்து எழுதி வைத்ததுதான். வென்றவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார்கள். போர் நடந்த மண்ணுக்குரிய நாம் இரண்டையும் செய்யவில்லை.

மணிமங்கலம் திருவேற்காட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அடுத்த முறை நாவலை முடித்து மூடும்போது, கூரம் செப்பேட்டின் மொழிபெயர்ப்பையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கதையின் சுவை குறையாது. அதற்குக் கீழே இருக்கும் தரை தெரியும்.